பாவசங்கீர்த்தனமும் ஒப்புரவும்

தமிழ்க் கிறித்தவ வழக்கில் ஒரே திருச்செயலுக்கு இரு பெயர்கள் உள்ளன. தான் செய்த குற்றத்தை உரைத்து மன்னிப்புப் பெறும் அச்செயலை முன்னோர் ‘பாவசங்கீர்த்தனம்’ என்றனர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962–1965) பின்வந்தோர் ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்கின்றனர். வடசொல்லை நீக்கித் தமிழ்ச்சொல்லை அமைத்ததாக மட்டும் இம்மாற்றத்தைக் கொள்வோர் பலர். அவ்வளவிற்றன்று என்பதும், பெயர் மாறியபோது நோக்கும் மாறிற்று என்பதும், அந்நோக்கு வேண்டும் கடமை இன்னும் முற்ற நிறைவேறவில்லை என்பதும் யாம் ஈண்டு நிறுவக் கருதுவன. சொல்லாய்வு அகராதியளவில் நின்றுவிடாமல், அச்சொல் வழங்கும் ஊரொன்றில் வைத்தும் ஆராயப்படல் வேண்டும். ஆகலின் கள்ளக்குறிச்சிப் பகுதியை இவ்வாய்வுக்குக் களமாகக் கொள்கின்றோம்.

சொல்லின் வரலாறு

குற்றமுரைத்தற்குரிய தமிழ் நூல் அச்சேறியது மிகப் பழைய காலத்திலேயாம். என்றிக்கே என்றீக்கஸ் என்னும் அண்டிறீக் அடிகள் 1578-இல் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறுநூலையும், 1579-இல் ‘கிரீசித்தியானி வணக்கம்’ என்பதனையும் அச்சிட்டார். அவற்றையடுத்து 1580-இல் ‘கொம்பெசியொனாயரு’ என்னும் நூல் வெளிவந்தது. பாவத்தை ஆராய்ந்து உரைத்தற்கு வழிகாட்டும் கைந்நூல் அது. அதன் பெயர் போர்த்துக்கேயச் சொல்லே. எழுத்து மட்டுமே தமிழ். மலையாளத்தில் இன்றும் வழங்கும் ‘கும்பசாரம்’ என்பதும் அவ்வேரினின்று பிறந்ததே. செயலைத் தமிழர் ஏற்றனரேனும் அதற்கு ஒரு தமிழ்ப்பெயர் இடும் நிலை அன்று வாய்க்கவில்லை.

1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி வடசொற்கள் மிடைந்த உரைநடையைச் சமயக் கல்விக்கு வகுத்தார். அந்நெறியில் வளர்ந்த ஞானோபதேச வழக்கில் இத்திருச்செயலின் முழுப்பெயர் ‘பச்சாத்தாபம்’ என்பது. அதற்கு உறுப்புக்கள் ஐந்து: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, பாவசங்கீர்த்தனம், அபராதம் தீர்த்தல் என்பன. குற்றத்தை நினைந்து ஆராய்தல், அதற்கு வருந்துதல், இனிச் செய்யேனென உறுதி கொள்ளுதல், குருவிடம் உரைத்தல், ஈடு செய்தல் என்று அவற்றை விளக்கலாம். முறைவைப்பு மிகச் செவ்விது. ஒன்று குறையின் ஏனையவை நிரம்பா.

‘சங்கீர்த்தனம்’ என்னும் சொல்லைப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். இறைவன் திருப்பெயரைப் பலர் கூடிப் பாடிப் புகழ்தல் நாமசங்கீர்த்தனம். புகழ்ச்சிக்குரிய சொல் பாவத்தோடு இணைந்தது பொருந்தாமையோ எனின், அன்று. இலத்தீனில் ‘கொன்பெஸ்ஸியோ’ என்னும் சொல்லும் புகழ்தல், குற்றத்தை ஒப்புதல் என இருபொருள்பட வழங்கியது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் தம் வாழ்க்கையை இறைவனை நோக்கியே எழுதிய அகுஸ்தீனார், தம் நூற்பெயரில் அவ்விரு பொருளையும் ஒருங்கே அமைத்தார். தன் குற்றத்தை உள்ளவாறு கூறுவோன் இறைவனுடைய அருளையும் உடன் பாடுகின்றான் என்பது கருத்து. பழைய தமிழ்ச்சொல் அறிந்தோ அறியாதோ அவ்விரட்டைப் பொருளைத் தாங்கி நின்றது.

ஆகுபெயர் நோக்கு

ஐந்து உறுப்புக்களுள் நான்காவதாகிய பாவசங்கீர்த்தனமே மக்கள் வழக்கில் முழுச்செயலுக்கும் பெயராயிற்று. உறுப்பின் பெயர் முதலுக்கு ஆதலின் இது சினையாகுபெயர். எவ்வுறுப்பு பெயராகின்றதோ அதுவே மக்கள் மனத்தில் தலைமை பெறும். வாயாற் சொல்லுதல் தலைமை பெற்றபோது, குற்றத்தால் ஊறுபட்டவனுக்கு ஈடு செய்தலாகிய ஐந்தாம் உறுப்பு நிழலில் மறைந்தது. திருடிய பொருளைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டுமென்பது அவ்வைந்தாம் உறுப்பிற்கு எளிய எடுத்துக்காட்டு. நடைமுறையிலோ சில செபங்களைச் சொல்லுதலோடு அது பெரும்பாலும் முடிந்துவிட்டது.

‘ஒப்புரவு’ என்பது வேறுவகை ஆகுபெயர். ஒப்புரவு இச்செயலின் பயன். பயனாகிய காரியத்தின் பெயர், காரணமாகிய செயலுக்கு ஆயிற்று. ஆகலின் இது காரியவாகுபெயர். சினையாகுபெயர் செயலின் ஒரு கூற்றையேனும் கண்முன் நிறுத்துகின்றது. காரியவாகுபெயரோ, பயன் விளைந்ததாகவே முன்கூட்டிச் சொல்லிவிடுகின்றது. பயன் விளையாதவிடத்தும் பெயர் மட்டும் வழங்கக்கூடும். புதுப்பெயரின் உயர்வும் இடரும் இவ்வொன்றிலேயே அடங்கியுள்ளன என்பது எம் துணிபு.

உயர்வு யாதெனின், இச்சொல் ஊரை உள்ளே கொண்டுவருகின்றது. திருக்குறளில் ‘ஒப்புரவறிதல்’ இருபத்திரண்டாம் அதிகாரம். ஆண்டு வரும் உவமைகளை நோக்குக. ஊரார் உண்ணும் நீர்நிலை நிறைதலும், ஊர்நடுவே பயன்தரும் மரம் கனிதலும், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம் நிற்றலும் கூறப்படுகின்றன. மூன்றும் பொதுவுக்குரியன. ஒப்புரவை உலகநடையோடு சார்த்தி விளக்குவர் பரிமேலழகர். தனியொருவன் தன் நெஞ்சோடு கொள்ளும் அமைதியை வள்ளுவர் இச்சொல்லாற் குறித்திலர்.

அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் (1680–1747) இவ்வதிகாரத்தை நன்கு கற்றவரே. எனினும் அவர் காலத்து ஞானோபதேச வழக்கில் நின்ற பெயர் பச்சாத்தாபமே. திருச்சபைத் தமிழில் ஒப்புரவு என்னும் சொல் வேரூன்றியது விவிலிய மொழிபெயர்ப்பின் வழியாகவாம். சீர்திருத்தச் சபையார் பெரிதும் பயிலும் மொழிபெயர்ப்பில், மத்தேயு ஐந்தாம் அதிகாரத்திலும் கொரிந்தியர்க்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்திலும் இச்சொல் வருகின்றது. மத்தேயு கூறுவது நினைவிற் கொள்ளத்தக்கது. காணிக்கை செலுத்தச் சென்றவன், தன்மீது சகோதரனுக்குக் குறை உண்டென நினைவு கூர்ந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டுச் சென்று முதலில் அவனோடு ஒப்புரவாதல் வேண்டும். குறை உடையவன் மற்றவன். நடந்து செல்ல வேண்டியவன் குற்றம் செய்தவன். வள்ளுவர் கூறிய பொதுநலமும் விவிலியம் கூறும் பகைநீக்கமும் இவ்வொரு சொல்லிற் கூடின.

தமிழிலக்கியத்துள் குற்றமுரைத்தல்

தன் குறையைத் தானே கூறுதல் தமிழுக்குப் புதிதன்று. திருவாசகத்தில் மணிவாசகர் தம்மைக் கடையரினும் கடையராகத் தாழ்த்தி இறைவன்முன் நிற்கின்றார். அதன் உருக்கம் நிகரற்றது. ஆயினும் ஆண்டுக் கூறப்படுவது பெரும்பாலும் உயிரின் இயல்பான சிறுமை. இன்னாருக்கு இன்னது செய்தேன் என்னும் குறிப்பிட்ட குற்றம் அரிதே வரும். பத்தியின் தாழ்ச்சியும் பாவத்தின் அறிக்கையும் தம்முள் நெருங்கியவை. எனினும் இரண்டும் ஒன்றல்ல.

கிறித்தவக் காப்பியங்களுள் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) மன்னிப்பைப் பாடும் பெருநூல். பனியனின் ஆங்கில நூலைத் தழுவி எழுந்த அதனுள், பாவச்சுமை சுமந்து செல்லும் யாத்திரிகனுக்குச் சிலுவையின் முன்னே அச்சுமை நீங்குகின்றது. காட்சி உள்ளத்தைத் தொடுவது. ஆயின் கதையமைப்பை உற்றுநோக்குவோர்க்கு ஒன்று புலனாகும். யாத்திரிகன் ஊரைத் துறந்து வெளியேறியவன். சுமை நீங்கும் இடம் வழியே, ஊரன்று. அவனால் ஊறுபட்டவர் யாவரேனும் இருப்பின், அவர்க்கு அந்நிகழ்ச்சியில் இடமில்லை. தனியுயிரின் மீட்சியைப் பாடிய நூலினிடத்து ஊரின் மீட்சியைத் தேடுதல் முறையன்றாயினும், தமிழ்க் கிறித்தவ நெஞ்சம் மன்னிப்பை எவ்வாறு கற்பனை செய்து பழகியது என்பதற்கு அது சான்றாகும்.

இவற்றோடு ஒப்பிடத்தக்க பிறிதொரு நூல், கிறித்தவச் சார்பற்றதாயினும், பழைய தென்னார்க்காட்டு நிலத்துப் பிறந்த ஒருவரால் எழுதப்பட்டது. மருதூரில் தோன்றி வடலூரில் வாழ்ந்த இராமலிங்க அடிகளின் ‘மனுமுறைகண்ட வாசகம்’ (1854) என்னும் உரைநடைநூலை எண்ணுகின்றோம். மகன் ஊர்ந்த தேரின் கீழ்ப் பசுங்கன்று இறந்ததைக் கேட்ட மனுவேந்தன், இது வருதற்கு யான் முன்செய்த பாவம் யாதோ எனத் தன்னைத்தானே வினவுகின்றான். வினாக்கள் நெடுகத் தொடர்கின்றன. அவையனைத்தும் குறிப்பிட்ட செயல்கள். ஒவ்வொன்றிலும் ஊறுபட்ட ஒருவர் உளர். நண்பரைப் பிரித்தல், குடிகள்மேல் வரியை உயர்த்துதல், வழிச்செல்வார்க்கு நிழலாகும் மரத்தை அழித்தல், பொதுமண்டபத்தை இடித்தல் ஆகியன அப்பட்டியலில் உள்ளன. கோயிற்கதவை அடைத்தலும் ஒரு பாவமாக எண்ணப்பட்டுள்ளது.

ஞானோபதேசத்தின் சொல்லால் கூறின், இது பாவசங்கீர்த்தனம் அன்று, ஆத்தும சோதனை. வேந்தன் ‘செய்தேனோ’ என ஐயுறுகின்றானேயன்றிச் ‘செய்தேன்’ எனத் துணிந்திலன். ஆயினும் குற்றம் எங்கே நிகழ்கின்றது என்பதை அடிகள் ஐயமின்றிக் காட்டிவிட்டார். நிழல்மரம், மண்டபம், கோயில்வாயில் என அவர் சுட்டும் இடங்கள் ஊர்ப்பொதுவாயவை. ஒப்புரவதிகாரத்து உவமைகள் நன்மையாகக் காட்டிய அதே களத்தை, இவ்வாசகம் குற்றத்தின் களமாகத் திருப்பிக் காட்டுகின்றது.

ஊரும் மன்னிப்பும்

இனி நிலத்திற்கு வருவோம். கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26-இல் விழுப்புரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அதன் மேற்கே கல்வராயன் மலை. அம்மலையிற் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாவும் கீழ்நிலத்தை ஊட்டுகின்றன. மணிமுத்தா விருத்தாசலத்தின் வழியே செல்லும். அவ்விருத்தாசலத்தின் அயலிலுள்ள கோணான்குப்பமே வீரமாமுனிவரின் பெரியநாயகி ஆலயத்தால் பெயர்பெற்றது. மலைக்கும் சமவெளிக்கும் நீரால் தொடர்பு உண்டு. இருபாலும் ‘ஊர்’ என்னும் கருத்து வலிதாக வேரூன்றியுள்ளது.

கல்வராயன் மலையில் மலையாளி எனப்படும் பழங்குடியினர் வாழ்கின்றனர். சேரநாட்டினர் என்னும் பொருள் இப்பெயர்க்கு இல்லை. மலையை ஆள்வோர் என்பதே பொருள். 1976 வரை ஜாகீர்தாரின் ஆளுகையில் இருந்த இம்மலை நிலத்தில் ‘நாடு’ என்னும் பழைய பகுப்பு ஊர்ப்பெயர்களில் இன்றும் நிலவுகின்றது. மலையிலும் சமவெளியிலும் தமிழ்நாட்டு ஊர்வழக்குக் குற்றத்திற்கென ஒரு சொற்கோவையை வைத்துள்ளது. ஊர்க்கூட்டம், தண்டங்கட்டுதல், தள்ளிவைத்தல், ஊரிற் சேர்த்தல் என்பன அவை. குற்றவாளி ஊர்முன் ஒப்புக்கொள்கின்றான்; தண்டம் இறுக்கின்றான்; மீளச் சேர்க்கப்படுகின்றான்.

கிறித்தவத்தின் தொடக்க நூற்றாண்டுகளிலும் பெருங்குற்றம் செய்தவர் சபைமுன் அறியப்பட்டு, ஆலயவாயிலில் நின்று, தவம் முடிந்தபின் ஆயரால் மீளச் சேர்க்கப்பட்டனர். பின்னர் ஐரிஷ் துறவியர் பரப்பிய தனிமுறை பெருவழக்காயிற்று. 1215-இல் நான்காம் இலாத்தரான் சங்கம் ஆண்டிற்கொருமுறை குற்றமுரைத்தலைக் கடமையாக்கியது. பதினாறாம் நூற்றாண்டில் தடுப்பிட்ட பாவசங்கீர்த்தனத் தொட்டி வந்தது. உரைப்போனின் மானம் காக்கப்பட்டது. குருவின் வாய் என்றும் திறவாதென்னும் உறுதி வந்தது. இவை சிறு நன்மைகள் அல்ல. ஊர்க்கூட்டத்தின் முன் நின்றானுடைய நிலையை அறிந்தோர்க்கு அவற்றின் அருமை விளங்கும்.

இரண்டையும் நேர்வைத்து நோக்குவோம். ஊர்க்கூட்டத்தில் ஊர் உண்டு. ஆயின் மன்னிப்பு விலைக்குக் கிடைப்பது. தொட்டியில் மன்னிப்பு இலவசம். ஆயின் ஊர் இல்லை. சீர்திருத்தச் சபைகளில் எல்லாரும் ஒருகுரலாகச் சொல்லும் பாவ அறிக்கையில் சபை முழுதும் உண்டு. ஆயின் எவருடைய குற்றமும் பெயர்சுட்டி வாராது. மூன்றற்கும் பொதுவான குறை ஒன்று. ஊரே குற்றவாளியாகுமிடத்து அக்குற்றத்தை உரைப்பார் யார் என்னும் வினாவிற்கு இவற்றுள் எதுவும் விடை வகுக்கவில்லை. ஊர்க்கூட்டத்தில் ஊர் என்றும் நடுவன். என்றும் குற்றஞ்சாட்டப்பட்டோன் ஆவதில்லை.

எறையூர்

இவ்வினா வெறுங்கற்பனையன்று. கள்ளக்குறிச்சி மாவட்டத்து உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் எறையூர் என்னும் கத்தோலிக்கப் பேரூர் உள்ளது. ஆண்டுச் செபமாலை அன்னைக்கு ஆலயம் உண்டு. ஆலயத்தில் இடம், இறந்தோரைக் கொண்டுசெல்லும் தெரு முதலியவற்றில் தம்மை வேறுபடுத்துகின்றனர் என்று தலித் கிறித்தவர் நெடுங்காலம் முறையிட்டனர். பின்னர்த் தமக்கெனத் தனிப்பங்கு வேண்டினர். 2008 மார்ச்சு 9-ஆம் நாள் மோதல் மூண்டது. தலித் கிறித்தவரின் வீடுகள் தாக்கப்பட்டன. காவலர் துப்பாக்கியாற் சுட்டதில் வன்னியக் கிறித்தவர் இருவர் உயிரிழந்தனர். இருசாராரும் ஒரே ஞானஸ்நானம் பெற்றவர். ஒரே ஆயரின் கீழ் வாழ்பவர்.

அந்நாளை நாட்காட்டியில் நோக்குக. அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழா மார்ச்சு 23. மோதல் நிகழ்ந்த மார்ச்சு 9 தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. இலாத்தரான் சங்கம் வகுத்த கடமையை நிறைவேற்றக் கத்தோலிக்கர் பெரும்பாலும் தேர்ந்துகொள்ளும் காலம் அதுவே. அக்காலத்திலே, அப்பெயர் வழங்கும் ஆலயத்தையே மையமாகக் கொண்டு, ஒப்புரவு முறிந்தது. காரியவாகுபெயரின் இடர் என முன்னர்க் கூறியது இதுவே. பெயர் பயனை அறிவித்துக்கொண்டிருக்க, பயன் நிகழவில்லை.

ஊரில் ஒவ்வொருவரும் தனித்தனியே மெய்யாகவே குற்றமுரைத்திருக்கக் கூடும். கோபம், பொய், குடி என அவரவர் குற்றங்களைக் கூறியிருப்பர். இன்ன தெருவிற் பிணம் செல்லலாகாது என்பதை ஒருவர் தம் பாவமெனக் கூறுதல் அரிது. ஏனெனின் அதனை அவர் ஊர்வழக்கு என்கின்றார். பாவம் வழக்கமாகிவிடின் ஆத்தும சோதனையின் கண்ணுக்குத் தப்பிவிடும். அடிகளின் வாசகத்தில் கோயிற்கதவு அடைத்தல் பட்டியலில் இடம்பெற்றமை ஈண்டு மீண்டும் நினைக்கத்தக்கது. பட்டியலில் இடம்பெறாத குற்றம் நாவிலும் இடம்பெறாது.

திருச்சபை தன் பெயராலேயே குற்றமுரைத்த நிகழ்ச்சிகளும் உள. 2000 மார்ச்சு 12-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் உரோமையில் திருச்சபை மக்கள் வரலாற்றிற் செய்த குற்றங்களுக்காகப் பொதுவில் மன்னிப்பு வேண்டினார். சாதிக்குக் கிறித்தவத்தில் இடமில்லை என இந்திய ஆயர் பேரவை 1982-இல் அறிவித்தது. அது கொள்கை கூறல். 2016 திசம்பரில் அப்பேரவை வெளியிட்ட தலித் மக்கள் மேம்பாட்டுக் கொள்கை ஆவணமோ, தீண்டாமையும் வேற்றுமையும் திருச்சபைக்குள்ளேயே உள்ளன என ஒப்புக்கொண்டது. ‘இடமில்லை’ என்னும் கூற்றுக்கும் ‘எம்மிடத்து உள்ளது’ என்னும் கூற்றுக்கும் இடையே முப்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்தன. முன்னது போதனை, பின்னதே சங்கீர்த்தனம்.

ஒரு தடை

மன்னிப்பு இறைவன் கொடையாகலின் அதனை ஊர்வழக்குகளோடு பிணைத்தல் தகாது என்று சிலர் கூறுவர். 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றி வெளியிட்ட கோட்பாட்டு ஏடு இதற்கு விடை தருகின்றது. குற்றமுரைப்போர் இறைவனிடம் மன்னிப்பையும், தம் பாவத்தால் புண்பட்ட திருச்சபையோடு ஒப்புரவையும் ஒருங்கே பெறுகின்றனர் என்பது அதன் கருத்து. 1973-இல் வகுக்கப்பட்ட புதிய சடங்குமுறை, பலர் கூடி நிகழ்த்தும் ஒப்புரவு வழிபாட்டிற்கும் இடந்தந்தது. மன்னிப்பு இலவசம் என்பதற்கு, ஊறுபட்டவன் செலவிற் கிடைப்பது என்பது பொருளன்று. புண்பட்டவனை விரைந்து மன்னிக்கச் சொல்லி, புண்செய்தவனை உரைக்கச் சொல்லாதுவிடின், அது ஒப்புரவு ஆகாது. அமைதியின் பெயரால் நிகழும் இன்னொரு அடக்குதலே ஆகும்.

முடிவு

பழம்பெயரைக் கைவிட்டுப் புதுப்பெயரைக் கொண்டது தவறென்று யாம் கூறவில்லை. ஒப்புரவு என்பது மிக உயர்ந்த சொல். உயர்ந்தமையாலேயே அது பெருங்கடன் சுமத்துகின்றது. அக்கடனை இறுத்தற்குப் பழைய ஐந்து உறுப்புக்களும் ஊரளவில் நிகழ்தல் வேண்டும். ஆத்தும சோதனை ஊரின் தெருக்களையும் கல்லறையையும் ஆராய்தல் வேண்டும். மனஸ்தாபம் உயிரிழந்தார் எத்தரத்தார் என வினவாது எல்லார்க்கும் இரங்குதல் வேண்டும். பிரதிக்கினை எழுத்தில் நிற்றல் வேண்டும். பாவசங்கீர்த்தனம் ‘செய்தேனோ’ என்னும் ஐயத்தை விட்டுச் ‘செய்தோம்’ என்னும் தன்மைப் பன்மையில் நிகழ்தல் வேண்டும். அபராதம் தீர்த்தலோ மிக எளிது: அடைத்த வழியைத் திறந்துவிடுதல்.

இவ்வைந்தும் நிரம்பிய ஊரில் ஒப்புரவு என்னும் பெயர் ஆகுபெயராய் நில்லாது, தன்பொருளிலேயே வழங்கும்.